பினாங்கில் கடைசி இரண்டு நாள்: அத்தை வீடு

பயணத் திட்டம் போடும்போது சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகளைக் கடைசியில்தான் வைத்தோம். கோலாலம்பூரில் மூன்று நாள், கேமரன் மலையில் இரண்டு நாள், பினாங்கில் ஊர் சுற்ற இரண்டு நாள். மிச்சமிருந்த இரண்டு நாளில் நான்கு வீடு. தாளில் எழுதியபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அடுத்த முறை போனால் அந்த வீடுகளில்தான் பயணத்தைத் தொடங்குவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் தாய்மாமா 1936இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. ஒரே ஒரு முறை, 1961இல், ஊருக்கு வந்து போனார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மலேயா மாமா கொண்டுவந்த பிஸ்கட் டின்னில்தான் பாட்டி கடைசிவரை ஊசி நூல் வைத்திருந்தார். அந்த மாமாவின் மகள் பட்டர்வொர்த் பக்கம் பிறையில் இருக்கிறார். அம்மாவுக்கு அத்தாச்சி, எனக்கு அத்தை. இருவரும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறார்கள், நேரில் பார்த்ததே இல்லை. அத்தைக்கு 77, அம்மாவுக்கு 71.

சனிக்கிழமை காலை முதலில் லிட்டில் இந்தியா. எதிர்வீட்டு அக்கா தன் மகளிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த மாவடு டப்பாவையும் முறுக்கையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள், பத்து நிமிடம்தான். அப்புறம் லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே படகுத்துறைக்குப் போனோம். 1833இல் கட்டிய கோயில், பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில் இதுதான். மாமா கப்பல் இறங்கிய காலத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்குக் காரில் பாலத்தின் வழியாகவும் போகலாம். அம்மாதான் படகில் போகலாம் என்றார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தை வீடு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் இரும்புக் கதவு, அதை ஒட்டி ஒரு மாமரம், தொட்டியில் கறிவேப்பிலையும் பாண்டான் இலையும். நாங்கள் காரை விட்டு இறங்குவதற்குள் அத்தை தெருவுக்கே வந்துவிட்டார்.

"வா புள்ள. பசியாறிட்டியா?"

எங்கள் பக்கம் சாப்பாட்டுப் பந்தியில் வயிறு நிறைந்தவரைக் கேட்கிற சொல் அது. மலேசியத் தமிழர்களுக்குக் காலைச் சாப்பாட்டின் பெயரே பசியாறல்தான். அம்மா பதில் சொல்லவில்லை. அத்தாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமா மூக்கு அப்படியே இருக்கு" என்றார். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை. என் மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தை பதினான்கு வயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்தை வீடு கட்ட விற்ற பிறகுதான் இந்தத் தாமானுக்கு வந்தார்கள். என் மகள் ரப்பர் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள் என்றதும் அவளை மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கத்தி இல்லை, ஆள்காட்டி விரல்தான். இடது பக்கம் மேலே வைத்து, சாய்வாக வலது பக்கம் கீழே இழுத்தார். ஒரே இழுப்பு, நடுவில் விரல் நிற்கவில்லை. "பட்டையத்தான் சீவணும். கட்டையில பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்துல சரியா பால் வராது." விரல் போய் நின்ற இடத்தில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கட்டுவதுபோல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றுவிட்டு, குளிர்ச்சி போவதற்குள் வெட்டி முடிக்க வேண்டுமாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. மகள் அதே கோட்டில் தன் விரலை வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

மதியம் மீன் குழம்பு. முதல் கவளத்திலேயே அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாங்காய் போட்டு, வெந்தயம் தூக்கலாக, பாட்டி வைத்த அதே குழம்பு. அத்தை எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. மாமா தன் தங்கையின் கைப்பக்குவத்தைச் சொல்லிச் சொல்லி மனைவிக்குப் பழக்கியிருக்கிறார், அங்கிருந்து மகளுக்கு வந்திருக்கிறது.

சாயங்காலம் சுங்கை பட்டாணியில் இன்னொரு உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாக இருந்தது. நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்றேன், அம்மா எழுந்திருக்கவில்லை. ஐந்து மணிக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் போன் செய்து வர முடியவில்லை என்று சொன்னேன். அவர்கள் சமைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். "பரவால்ல, இன்னொரு தடவ வாங்க" என்று அந்த அக்கா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று கணக்குப் போட்டது என் தப்பு. அறுபது எழுபது வருடத்துப் பேச்சுக்கு ஒரு பகல் எப்படிப் போதும்?

மறுநாள் பாயான் லெப்பாஸில் என் கணவரின் கல்லூரி நண்பர் வீடு. இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைய, அவரும் அதில் ஒன்றில்தான் வேலை. பதினாறாவது மாடி ஜன்னலிலிருந்து கடலில் காடு மூடிய ஒரு தீவு தெரிந்தது. "ஜெரெஜாக் தீவு" என்றார். அம்மா சட்டென்று எழுந்து ஜன்னலருகே போனார். முந்தின நாள்தான் அத்தை சொல்லியிருந்தார்: கப்பலில் வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க அந்தத் தீவில் நிறுத்தி வைப்பார்களாம், மாமாவையும் ஒரு வாரம் வைத்திருந்துதான் விட்டார்களாம். எதிர்க்கரையில் பினாங்கு, பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை, வயது பதினேழு. ராத்திரி நாசி கண்டார் சாப்பிடப் போனபோதும் அம்மா அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு அத்தை தன் மகனோடு வந்துவிட்டார். கையில் தாம்பூன் பிஸ்கட், ஜாதிக்காய், மைலோ. பெட்டி எடை நான்கு கிலோ கூடிவிட்டது. என் செருப்புகளையும் இரண்டு துண்டையும் எடுத்து அத்தை மகனிடமே கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டை விட்டுவர மனம் வரவில்லை.

உள்ளே போகும் முன் அத்தை அம்மாவிடம் ஒன்று கேட்டார். திருமருகல் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் 21 படி என்று மாமா அடிக்கடி சொல்வாராம். "நெசமா புள்ள? இருவத்தொண்ணா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அதே குளத்தில் குளித்து வளர்ந்தவர், எண்ணிப் பார்த்ததில்லை. எனக்கும் தெரியாது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாளே போனோம். குளம் நிறையத் தண்ணீர், மேலே ஒன்பது படிதான் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பினேன். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் இறங்கி எண்ணிச் சொல்வதாக அம்மா அத்தாச்சியிடம் போனில் சொல்லியிருக்கிறார்.