அந்த அறையில் பதிந்த ஒரு நிமிடம்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து 61-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் வந்துவிடும். வழியெல்லாம் மேடு பள்ளமே இல்லாத பருத்திக்காடு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையின் கலைஞர்களைப் பற்றிய வானொலித் தொடர் ஒன்றுக்காகக் கதை சேகரிக்க 2016-இல் அங்கே போனேன். பையில் ரெக்கார்டர், இரண்டு மைக், கூடவே பாதிக்கு மேல் எழுதிவிட்ட ஸ்கிரிப்ட்.

பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் சாவை அதில் இப்படி எழுதியிருந்தேன்: கார் விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்துக்கொள்ள வெள்ளையர் மருத்துவமனை மறுத்தது, அலைக்கழிந்ததில் ரத்தம் போய் இறந்தார். 1937-லேயே ஓர் இசைப் பத்திரிகை, காதில் விழுந்ததை வைத்து அதை வெளியிட்டது. அப்புறம் நாடகமாகவும் வந்தது. பலமுறை படித்ததால் சரிபார்க்கத் தோன்றவில்லை. என் தொழிலில் அது பெரிய தவறு.

கிளார்க்ஸ்டேலில் ஆற்றோரமாக ரிவர்சைடு ஹோட்டல் இருக்கிறது. முன்பு அது கறுப்பின மக்களுக்கான மருத்துவமனை. 1944-இல்தான் ஹோட்டல் ஆனது. 1937 செப்டம்பர் 26 அன்று பெஸ்ஸியின் உயிர் பிரிந்தது அந்தக் கட்டடத்தில்தான். விபத்து நடந்த இருட்டில், மீன்பிடிக்கப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி முதலுதவி செய்த மருத்துவர் ஒருவர் பின்னாளில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். பெஸ்ஸியின் வலது கை முழங்கையருகே ஏறக்குறைய அறுந்து தொங்கியது. ஆம்புலன்ஸ் அவரை நேராகக் கறுப்பர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனது. ஊரில் இருந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் நடுவே அரை மைல்கூட இல்லை. ஆனாலும் கறுப்பினப் பெண் ஒருவரை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று அந்தக் காலத்தில் எந்த ஓட்டுநருக்கும் தோன்றியிருக்காது என்றார் அவர்.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவைச் சாத்தினார்கள் என்றால் கோபப்பட ஓர் ஆளாவது இருப்பான். இங்கே அந்தக் கதவுப் பக்கமே யாரும் போகவில்லை. என் ஸ்கிரிப்டில் இருந்த பொய்யைவிட இந்த உண்மை கொடியது.

மறுநாள் கிரீன்வுட்டுக்குப் போனேன். 1938-இல் 27 வயதில் இறந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஜான்சனுக்கு அந்தப் பக்கத்தில் மூன்று இடங்களில் கல்லறைக் கல் நட்டிருக்கிறார்கள். லிட்டில் சயான் தேவாலயத்தின் பெரிய மரத்தடியில் இருப்பதைத்தான் பலரும் ஏற்கிறார்கள். குழி தோண்டியவரின் மனைவி தன் வயதான காலத்தில் காட்டிய இடம் அது. சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிட்டார் கற்றார் என்ற கதையைத்தான் எங்கே போனாலும் சொல்கிறார்கள். நான் அதைப் பதிவு செய்யாமல் விடவில்லை. யார் சொன்னார்கள், எங்கே உட்கார்ந்து சொன்னார்கள் என்பதையும் சேர்த்து, கதை என்றே குறித்துக்கொண்டேன். கல்லின் மேல் சில்லறைக் காசுகள், கிட்டார் கம்பியை மீட்டும் பிக்குகள், பாதி விஸ்கியோடு ஒரு பாட்டில். ஒரு பிக்கின் ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. யாரோ நெடுநாள் வாசித்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஜான்சனுக்கு மூன்று கல். பெஸ்ஸிக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஆயிரக்கணக்கானோர் கூடி இறுதி மரியாதை செய்தார்கள். ஆனால் அவர் புதைகுழிக்கு ஒரு பெயர்க்கல் கிடைக்க 33 வருஷம் ஆனது. 1970-இல், ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும் பணம் போட்டு வைத்தார்கள்.

ஊர் திரும்பும் முன் மறுபடியும் ரிவர்சைடுக்குப் போனேன். பெஸ்ஸியின் நினைவாக வைத்திருக்கும் அறையை அனுமதி கேட்டுத் திறக்கச் சொன்னேன். ஒலிப்பதிவு வேலையில், பேச்சு முடிந்த பிறகு அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிவது வழக்கம், வெட்டி ஒட்டும்போது உதவும் என்று. மைக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எங்கோ ஒரு மின்விசிறி, வெளியே போகும் லாரி, நடைவழியில் மரத்தரை ஒருமுறை முனகியது.

ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியை முழுவதும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பெஸ்ஸி இறந்த வரிக்குப் பிறகு இசை எதுவும் போடவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அப்படியே ஓடவிட்டோம்.