எஸ்டேட் ஆபீஸின் பழைய கணினியில் போனின் டெஸ்க்டாப் திரை: அமைத்த முறையும் இடறும் இடங்களும்

ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற அறைகளில் பெரும்பாலும் ஒரு பழைய கணினி உண்டு, அதற்கு இன்டர்நெட் இல்லை. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் விண்டோஸ் முதலில் தன் அப்டேட்டைத்தான் இறக்கும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டவர் ஆள் கணக்கைத் திறப்பதற்குள் பேக் காலியாகிவிடும். அதனால் நெட்டைக் கணினிக்குக் கொண்டுபோகாமல் போனின் திரையைக் கணினிக்குக் கொண்டுவரும் வழியை எடுத்தோம். கூலிப் பதிவு, பழம் பறித்த எடை, பில் எல்லாம் போனிலேயே ஓடும். கணினி தருவது மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும். படம் யுஎஸ்பி கேபிளில் வருவதால் அதற்காக டேட்டா எதுவும் செலவாகாது. கீழே சேலத்தில் லீ பஜார், செவ்வாய்பேட்டைக் கடைகளுக்கும் இதே அமைப்பு பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். போன் திரையை அப்படியே கணினியில் காட்டுவது மிரரிங். அதில் செங்குத்தான ஒரு பட்டை நடுவில் நிற்கும், இருபுறமும் கறுப்பு. டெஸ்க்டாப் மோட் என்பது போன் தனக்குள் இரண்டாவதாக ஓர் அகலத் திரையை உருவாக்கி, ஆப்களை அதில் விரிப்பது. கணக்கு வேலைக்கு இரண்டாவதுதான் உதவும். முதலாவதைச் செய்து பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லை" என்று விட்டவர்கள் நிறைய.

சாம்சங்கின் டெஸ்க்டாப் மோடான டெக்ஸ் 2017-ல் கேலக்ஸி எஸ்8 போனுடன் வந்தது. 2019-ல் நோட் 10 வந்தபோது, கேபிளைச் செருகிக் கணினியிலேயே டெக்ஸ் திறக்கும் விண்டோஸ் மென்பொருளும் கிடைத்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் இந்த மென்பொருளைத்தான் சொல்கின்றன. சாம்சங் போன்களின் ஒன் யுஐ 7 பதிப்பு முதல் அதற்கு ஆதரவு நின்றுவிட்டது, தேடி இறக்க வேண்டாம். மானிட்டருக்கு நேரடியாக எச்டிஎம்ஐ வழியாகப் போவதும், டிவிக்கு வயர்லெஸ்ஸாகப் போவதும் இன்னும் உண்டு. ஆனால் டெக்ஸ் எஸ் வரிசை, மடக்கு போன்கள் போன்ற விலை கூடியவற்றில்தான் வருகிறது. நம் பக்கத்தில் அதிகம் புழங்கும் எம் வரிசையில் அது இல்லை. மோட்டோரோலாவின் சில போன்களில் ஸ்மார்ட் கனெக்ட் என்று இதே வசதி இருக்கிறது, முன்பு அதன் பெயர் ரெடி ஃபார்.

எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. டைப்-சி துளை இருந்தால் போதாது, அந்தத் துளையில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது படத்தை மானிட்டருக்கு அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 மட்டும் உள்ள நடுத்தர விலைப் போன்களில் அது இருக்காது. அடாப்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றுதான் வரும். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மீதி எல்லா ஆண்ட்ராய்டு போன்களுக்கும் எங்கள் பரிந்துரை ஜெனிமொபைல் வெளியிடும் இலவச மென்பொருள். ஆங்கிலத்தில் எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்று தேடினால் கிடைக்கும், பேச்சில் ஸ்கிரீன்காப்பி. இது படத்தை யுஎஸ்பியில் சாதாரண டேட்டாவாக அனுப்புவதால் டிஸ்ப்ளேபோர்ட் தேவையில்லை, யுஎஸ்பி 2.0-வின் 480 எம்பிபிஎஸ் தாராளம். போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, போனின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுக்கும் ரூட்டும் வேண்டாம். 2024-ல் வந்த 3.0 பதிப்பில்தான் புதிய திரை உருவாக்கும் வசதி சேர்ந்தது. லினக்ஸில் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து போடுபவர்கள் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பழையது கிடந்தால் மிரரிங் மட்டும்தான் கிடைக்கும். புதிய திரைக்குப் போனில் ஆண்ட்ராய்டு 10 ஆவது இருக்க வேண்டும்.

போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், பில்டு நம்பர் என்று போய் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டிபக்கிங்கை (கேபிள் வழியாகக் கணினி போனை இயக்க விடும் சுவிட்ச்) இயக்கிவிட்டுக் கேபிளைச் செருகினால், இந்தக் கணினியை அனுமதிக்கவா என்று போன் கேட்கும். 'எப்போதும்' என்ற கட்டத்தை டிக் செய்து சரி கொடுங்கள். அந்தக் கேள்வியைக் கவனிக்காமல் விட்டால் கணினியில் 'அன்ஆத்தரைஸ்டு' என்று வரும். கேபிளைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் மறுபடி கேட்கும். கேட்காவிட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை ரத்து செய்யும் வரி இருக்கிறது, அதைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

ரெட்மி, போக்கோ போன்களில் படம் வரும், மவுஸ் மட்டும் வேலை செய்யாது. காரணம், யுஎஸ்பி டிபக்கிங்குக்குக் கீழே 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று அடைப்புக்குறியில் போட்ட இன்னொரு டிபக்கிங் சுவிட்ச் தனியாக இருக்கிறது. அதை இயக்க மி அக்கவுண்டில் நுழைந்திருக்க வேண்டும், சிம்மும் போனில் இருக்க வேண்டும். சிம் இல்லாத பழைய போனை இதற்கென்று ஒதுக்குபவர்கள் சிக்குவது இங்கேதான். ஒரு முறைக்கு மட்டும் சிம்மைப் போட்டு இயக்கிக்கொள்ளலாம். புதிய சாம்சங்கில் டிபக்கிங் சுவிட்சே மங்கிக் கிடந்தால் ஆட்டோ பிளாக்கர் என்ற பாதுகாப்பு வசதியை நிறுத்த வேண்டும்.

கணினியில் எதுவுமே தெரியாவிட்டால் பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேபிள் வாங்கும்போது கடையில் இருக்கும் கணினியிலேயே செருகிப் பாருங்கள். போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்ற தேர்வு வந்தால்தான் காசு கொடுக்கலாம். பழைய கேபினெட்டின் முன்பக்கத் துளைகள் தளர்ந்திருக்கும், பின்பக்கத்தில் செருகுவது நல்லது.

இனி அளவு. ஸ்கிரீன்காப்பியைக் கணினியின் கமாண்ட் ஜன்னலில் கட்டளையாக அடித்து இயக்குகிறோம்; ஆப்ஷன்களை அதோடு ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். 'நியூ-டிஸ்ப்ளே' ஆப்ஷனோடு இயக்கும்போது அகலம், உயரம், சாய்கோட்டுக்குப் பிறகு டிபிஐ (திரையின் பிக்சல் அடர்த்தி) என்று மூன்று எண் தருகிறோம். டிபிஐயில்தான் விஷயம் இருக்கிறது. ஆப்கள் தாம் நிற்பது போனிலா டேப்லட்டிலா என்று முடிவு செய்வது பிக்சலை வைத்து அல்ல. குறுகிய பக்கத்தின் பிக்சலை 160-ஆல் பெருக்கி டிபிஐயால் வகுத்தால் வருவதுதான் அவற்றின் கணக்கு. அது 600-ஐத் தாண்டினால் பல ஆப்கள் டேப்லட் அமைப்புக்கு மாறும். 1080 உயரத்துக்கு 420 கொடுத்தால் 411 வரும், பெரிய மானிட்டரில் ஊதிப்போன போன் திரைதான். அதே உயரத்துக்கு 240 கொடுத்தால் 720: இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று பிரியும். பழைய 1366-க்கு 768 மானிட்டருக்கு 1360, 768, 160 சரியாக உட்காரும். 1366-ஐ 1360 ஆக்கியதற்குக் காரணம், வீடியோ என்கோடருக்கு 8-ஆல் வகுபடும் அளவுகள்தான் ஒத்துப்போகும். எழுத்து பொடியாகத் தெரிந்தால் 160-ஐ 200 ஆக்குங்கள். அப்போதும் 614, டேப்லட் அமைப்பு கலையாது.

திரை வெறும் கறுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். சில போன்களின் லாஞ்சருக்கு (ஆப் ஐகான்களைக் காட்டும் முகப்புத் திரை) இரண்டாவது திரையில் வரத் தெரியாது. 'ஸ்டார்ட்-ஆப்' ஆப்ஷனில் தேவையான ஆப்பின் பேக்கேஜ் பெயரை (ஆண்ட்ராய்டுக்குள் அந்த ஆப்புக்கு இருக்கும் ஆங்கில அடையாளப் பெயர்) கொடுத்தால் நேராக அது திறக்கும். ஜன்னல் ஜன்னலாகத் திறந்து இழுத்து வைக்க வேண்டுமென்றால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஃப்ரீஃபார்ம் விண்டோஸ், ஃபோர்ஸ் டெஸ்க்டாப் மோட் இரண்டையும் இயக்கிப் போனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எல்லாக் கம்பெனிப் போனும் இதற்கு மசிவதில்லை. 4 ஜிபி ரேம் போனில் இரண்டு மூன்று ஜன்னலுக்கு மேல் போனால் பின்னால் இருப்பது மூடிக்கொள்ளும், பாதி நிரப்பிய படிவம் போய்விடும்.

எழுத்துப் பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு மானிட்டரில் வராமல் போனில் முளைத்தால், 'டிஸ்ப்ளே-ஐஎம்இ-பாலிசி' ஆப்ஷனுக்கு 'லோக்கல்' என்று கொடுக்க வேண்டும். இது 3.2 பதிப்பிலிருந்து உண்டு. வேலை முடித்து ஜன்னலை மூடினால் அந்தத் திரையில் இருந்த ஆப்களும் மூடிவிடும். அவை போன் திரைக்குத் தாவ வேண்டுமென்றால் 'நோ-விடி-டெஸ்ட்ராய்-கன்டென்ட்' சேருங்கள். வலது கிளிக் பின்னே போகும், நடுச் சக்கரம் ஹோம்.

தமிழ் டைப்பிங்தான் பலரை விரட்டிவிடுகிறது. கணினியில் தமிழ் 99 போட்டு நேராகப் போன் ஜன்னலில் அடித்தால் ஒன்றும் விழாது. ஸ்கிரீன்காப்பி இயல்பாக அனுப்பும் விசைகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் சரியாகப் போகும். நோட்பேடில் தமிழில் அடித்து, காப்பி செய்து, போன் ஜன்னலில் ஆல்ட்டும் வி-யும் அழுத்துங்கள். கிளிப்போர்டு வழியாக முழுதாக வரும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திவிடக் கூடாது. அது எழுத்தெழுத்தாகத் தட்டும் முறை, தமிழ் அதில் சிதறும். கூலிப் பதிவில் ஆட்களின் பெயரைத் தமிழில் ஒரு முறை ஏற்றிவிட்டால் பிறகு அடிப்பதெல்லாம் எண்தான் என்பதால் இது பெரிய தொல்லை இல்லை. முழு நாளும் தமிழில் கடிதம் அடிப்பவருக்கு இந்த அமைப்பை நாங்கள் சொல்லமாட்டோம்.

சூடும் சார்ஜும் அடுத்த விஷயம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். படத்தை என்கோட் செய்துகொண்டே இருக்கும் போன் அதைவிடக் கூடுதலாகத் தின்னலாம், மாட்டி வைத்தும் சதவீதம் இறங்கும். ஆல்ட்டும் ஓ-வும் அழுத்தினால் போனின் திரை மட்டும் அணையும், கணினியில் படம் ஓடும். பவர் பட்டனால் அணைக்காதீர்கள், போன் லாக் ஆகிப் பல மாடல்களில் இரண்டாவது திரையும் நின்றுவிடும். 'மேக்ஸ்-எஃப்பிஎஸ்' 30 என்று வைத்தால் போனும் குளிரும், பழைய கணினியின் பிராசஸரும் மூச்சு விடும். ஏற்காட்டில் இது போதும். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்றால் போனின் உறையைக் கழற்றிவிட்டு ஃபேன் காற்றில் வையுங்கள்.

கேபிள் இல்லாமலும் முடியும், ஆனால் எஸ்டேட்டில் அது வீண் வேலை. ஆண்ட்ராய்டு 11 முதல் இருக்கும் வயர்லெஸ் டிபக்கிங்குக்குப் போன் ஏதாவது ஒரு வைஃபையில் இணைந்திருக்க வேண்டும், தன் சொந்த ஹாட்ஸ்பாட் கணக்கில் வராது. ஜோடி சேர்க்கும் போர்ட் எண் வேறு, பிறகு இணைக்கும் போர்ட் எண் வேறு. ஒன்றையே இரண்டிலும் போட்டுத் திணறுவது சகஜம். ஹாட்ஸ்பாட்டிலேதான் வேண்டுமென்றால் முதலில் கேபிளில் ஏடிபியின் (ஸ்கிரீன்காப்பி போனோடு பேசப் பயன்படுத்தும் சிறு மென்பொருள்) டிசிபிஐபி கட்டளையை 5555 என்ற எண்ணோடு கொடுத்துவிட்டு, கணினியின் வைஃபை விவரத்தில் தெரியும் கேட்வே முகவரிக்கு, அதாவது போனின் முகவரிக்கு, இணைக்கலாம். போனை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி கேபிளில் தொடங்க வேண்டும். அப்போது கணினிக்கு நெட்டும் போய்விடுவதால் விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறிக்க மறக்காதீர்கள்.

பேங்க், யுபிஐ ஆப்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். டிபக்கிங் இயங்குவது தெரிந்தாலே பல ஆப்கள் திறக்க மறுக்கும். திறந்தாலும் பின் நம்பர் கேட்கும் பக்கம் கணினியில் கறுப்பாகத்தான் தெரியும். அது கோளாறு அல்ல, ஆப்பே படம் பிடிக்கத் தடை போட்டிருக்கிறது. சொந்தப் போனைவிட, பேங்க் ஆப் இல்லாத உபரிப் போன் ஒன்றை ஒதுக்குவதே மேல். வாட்ஸ்ஆப் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் போதும், கணினிக்கு நெட்டும் இருக்கிறது என்பவர் இத்தனை பாடு படவே வேண்டாம், வாட்ஸ்ஆப் வெப் இருக்கிறது.

கடைசியாகப் பிரிண்ட். கணினியில் மாட்டிய பிரிண்டர் போனுக்குத் தெரியாது. பில்லைப் போனில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, யுஎஸ்பியை ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு மாற்றி, கணினியில் போனின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து எடுத்து அச்சிட வேண்டும். மாற்றும்போது சில போன்களில் ஸ்கிரீன்காப்பி அறுந்துவிடும். அதனால் காலையில் முதலில் ஃபைல் டிரான்ஸ்ஃபரை வைத்துவிட்டுப் பிறகு ஸ்கிரீன்காப்பியைத் திறங்கள். எதிர்த்திசை எளிது: கணினியிலிருந்து ஒரு ஃபைலைப் போன் ஜன்னல்மேல் இழுத்துப் போட்டால் அது போனின் டவுன்லோட் ஃபோல்டரில் போய் உட்காரும். ஆப் நிறுவும் ஏபிகே ஃபைலாக இருந்தால் நேராக நிறுவிவிடும் என்பதால், எதை இழுக்கிறோம் என்று பார்த்து இழுக்க வேண்டும்.