கத்தரி விழுந்த இடங்கள்: ஒரு சுவீடன் நாவலும் இரண்டு படங்களும்

முடிச்சுகள் அத்தனையையும் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். ஸ்டீக் லார்சனின் முதல் நாவலைப் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம். இந்தப் பதிவு எங்கும் ஓடிப்போகாது.

லார்சன் 2004இல், 50 வயதில் இறந்துபோனார். நாவல் 2005இல் வெளியானது. வாங்கர் என்ற பணக்காரக் குடும்பத்துப் பெண் ஹாரியட் 1966இல் ஒரு தீவில் காணாமல்போகிறாள். பல ஆண்டு கழித்து அந்த வீட்டுக் கிழவர் அவளைத் தேட அமர்த்தும் பத்திரிகையாளர் மிக்கேல், பிறகு உதவிக்கு வரும் கணினி ஊடுருவி லிஸ்பெத், இவர்களைச் சுற்றித்தான் கதை. சுவீடிஷ் தலைப்பின் நேர்ப்பொருள் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் டிராகன் பச்சை குத்திய பெண் தலைப்பில் ஏறினாள். 2009இல் நீல்ஸ் ஆர்டன் ஓப்லெவ் சுவீடிஷில் எடுத்த படம் 152 நிமிடம். 2011இல் டேவிட் ஃபின்ச்சர் ஆங்கிலத்தில் எடுத்தது 158 நிமிடம். நீளத்தில் வித்தியாசம் ஆறே நிமிடம். ஆனால் எதை வெட்டினார்கள், வெட்டிய இடத்தை எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு பாதையில் போயிருக்கின்றன. நாவலைத் திரைக்கதையாக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. நாவலோ ஐந்நூறு பக்கத்துக்கு மேல். ஆக முக்கால்வாசி போயாக வேண்டும். இதில் எல்லோரும் செய்கிற தவறு, சம்பவங்களைப் பட்டியல் போட்டு முக்கியமில்லாததை அடிப்பது. ஸ்காண்டிநேவியக் குற்ற நாவலில் அது உதவாது, ஏனென்றால் அங்கே சம்பவமே குறைவு. ஒருவர் உட்கார்ந்து பழைய கோப்பு படிக்கிறார், காபி குடிக்கிறார், யோசிக்கிறார், மறுபடி காபி. அதனால் வேறு மாதிரிப் பட்டியல் வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு வரி, அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், இங்கே நமக்குப் புதிதாகத் தெரியவருவது என்ன. இரண்டாவதில், அதை யார், என்ன செய்து கண்டுபிடிக்கிறார். இரண்டாவதில் 'படித்தார்', 'நினைவுக்கு வந்தது', 'ஒருவர் சொன்னார்' என்று வருகிற இடங்களில் எல்லாம் சிவப்பு மை. இந்த நாவலில் பக்கமே சிவந்துபோகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1966இல் காணாமல்போன ஹாரியட்டின் குறிப்பேட்டில் ஐந்து பெயர்கள், பக்கத்தில் ஐந்து எண்கள். மக்டா, 32016 என்பது போல. எல்லோரும் தொலைபேசி எண் என்றே நினைத்திருக்கிறார்கள். உண்மையில் பைபிளின் மூன்றாம் புத்தகமான லேவியராகமம், 20ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். நாவலில் இதைத் திறந்து வைப்பவள் பத்திரிகையாளர் மிக்கேல் பிளோம்க்விஸ்டின் மகள். பைபிள் முகாமுக்குப் போகிற வழியில் அப்பாவைப் பார்க்க வந்தவள், போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். நாவலில் அது தற்செயல் மாதிரி படாது, ஏனென்றால் மகளைப் பற்றி நமக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். படத்தில் அவளுக்கு இருக்கும் வேலையே அந்த ஒரு வரிதான். துப்பைக் கொடுக்க வந்த பாத்திரம் என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

ஃபின்ச்சருக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவன் ஜெய்லியன் மகளை அப்படியே வைத்துக்கொண்டார். சுவீடிஷ் படத்துக்கு எழுதிய நிக்கோலாய் ஆர்செலும் ராஸ்முஸ் ஹைஸ்டர்பெர்க்கும் மகளையே தூக்கிவிட்டார்கள். மிக்கேலின் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைந்து பார்த்துக்கொண்டிருக்கும் லிஸ்பெத் சலாண்டரே விடையைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறாள். ஒரு வெட்டில் மூன்று காரியம்: ஒரு பாத்திரம் குறைந்தது, தற்செயல் போனது, நாயகி தன் கையாலேயே கதைக்குள் வந்துவிட்டாள். இந்த இடத்தில் என் ஓட்டு சுவீடிஷ் படத்துக்கே.

இந்த வெட்டுக்குப் பின்னால் இன்னும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாவலில் பாதிக்கு மேல் போகும்வரை நாயகனும் நாயகியும் சந்திப்பதே இல்லை. படிக்கிறவர் பொறுத்துக்கொள்வார். படம் பார்க்கிறவர், 'இந்தப் பெண்ணுக்கும் அந்தக் கிழவர் வீட்டுக் கதைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். ஆர்செல் குழு மின்னஞ்சலால் பாலம் போட்டது. ஜெய்லியன் பாலமே போடவில்லை. ஃபின்ச்சர் படத்தில் மிக்கேல் அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஏறக்குறைய பாதிப் படம் முடிந்திருக்கும். நம் ஊரில் இடைவேளை விடும் இடம். அதுவரை தாங்குவது படத்தொகுப்புதான். இவர் ஒரு கோப்பைத் திறந்தால் அவள் ஒரு கதவை மூடுவாள், எந்தக் காட்சியும் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளாது. படத்தொகுப்பாளர்கள் கிர்க் பாக்ஸ்டருக்கும் ஆங்கஸ் வாலுக்கும் இந்தப் படத்துக்காகவும் ஆஸ்கர் கிடைத்தது. இந்தக் கதைக்கு மூன்று அங்கம் போதாது, ஐந்து அங்கம் என்று ஃபின்ச்சரே சொல்லியிருக்கிறார். கையில் அப்படிப்பட்ட படத்தொகுப்பாளர் இல்லாதவர்கள் மின்னஞ்சல் வழியில் போவது நல்லது.

சிவப்பு மை அடித்த இடங்களில் ஒன்று மட்டும் நேராகவே திரைக்கு வந்துவிடும்: புகைப்படங்கள். ஊர்வலக் கூட்டத்தில் நிற்கும் ஹாரியட் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்தடுத்த படங்களில் தெருவுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்து முகம் மாறுகிறது. பத்திரிகை அலுவலகத்தில் கிடந்த படங்களை வரிசையாக ஓட்டினால் அசையாப் படம் அசைகிறது. சினிமா என்பதே அதுதானே. இரண்டு படங்களும் இதற்குத் தாராளமாக நேரம் கொடுத்திருக்கின்றன. இங்கே வசனம் எழுதினால் கெடும். மிக்கேல் 'அவள் பயந்திருக்கிறாள்' என்று வாய் திறந்து சொன்னால் காட்சி செத்தது.

சந்தேகப் பட்டியலில் வருகிறவர்கள் பெரிய கும்பல். நாவலில் குடும்ப மரத்தையே அச்சிட்டிருக்கிறார்கள், புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். திரையில் வயதான வெள்ளைக்காரர் ஐந்து பேர் வரிசையாக வந்தால் யார் யார் என்று யாருக்கும் மனதில் நிற்காது. பெயரை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்வதே வழி: தீவில் இந்த வீட்டில் இவர், இன்னாரோடு பேச்சுவார்த்தை இல்லை, அந்த வீட்டில் பழைய நாஜி. பார்வையாளர் ஜன்னல்களை நினைவில் வைப்பார். மிக்கேலுக்கும் அந்தக் குடும்பத்துப் பெண் செசிலியாவுக்கும் நாவலில் இருந்த உறவை இரண்டு படமும் வெட்டிவிட்டன, சரிதான்.

கொலைகாரன் வீட்டுக் காட்சியில் ஃபின்ச்சர் படம் நாவலைத் தாண்டிவிட்டது. கொலைகாரன் ஹாரியட்டின் அண்ணன் மார்ட்டின், அவன் வீடு மலைமேல் கண்ணாடி வீடு. முன்பே ஒரு விருந்துக் காட்சியில் கீழேயிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வருகிறது. காற்று, எங்கோ கதவு திறந்திருக்கிறது என்கிறான். அவ்வளவுதான் விதை. பிறகு மிக்கேல் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து, வெளியே தப்பியும் விடுகிறான். மார்ட்டின் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறான். மறுக்க முடியாமல் இவன் திரும்பிப் போகிறான். துரத்தல் இல்லை, கொல்லப்போவது உபசாரம். அதே நேரம் லிஸ்பெத் வாங்கர் குடும்பக் கம்பெனியின் ஆவணக் கிடங்கில் பழைய தாள்களைப் புரட்டி அதே பெயருக்கு வந்துசேருகிறாள். தாள் படிப்பது உச்சக்காட்சியில் வேலை செய்வது இப்படி வெட்டி வெட்டிக் காட்டுவதால்தான்.

மார்ட்டினின் சாவுக்கு மூன்று வடிவம் உண்டு. நாவலில் அவனே லாரியின் மேல் காரை ஏற்றிக்கொள்கிறான். ஃபின்ச்சர் படத்தில் லிஸ்பெத் துப்பாக்கியோடு நெருங்குவதற்குள் கார் வெடித்துவிடுகிறது. சுவீடிஷ் படத்தில் அவன் கெஞ்சுகிறான், அவள் நின்று பார்த்துக்கொண்டே எரியவிடுகிறாள். அப்பாவைக் கொளுத்திய அவளுடைய சின்ன வயதுக் கதையை அடுத்த நாவலிலிருந்து முன்னால் இழுத்துவந்து இங்கே பொருத்தியதால் அந்தப் பார்வைக்கு அர்த்தம் கிடைத்தது. தொடர் நாவலை எடுப்பவர்கள் அடுத்த புத்தகத்திலிருந்து கடன் வாங்கலாம். வாங்கியதை அடுத்த படத்தில் மறுபடி புதுச் செய்தி போலச் சொல்ல முடியாது என்பதே வட்டி.

ஹாரியட் உயிரோடு இருப்பது நாவலிலும் சுவீடிஷ் படத்திலும் ஆஸ்திரேலியாவில். அதுவரை முகமே காட்டாத ஒருத்தியைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது நாவலில் பரவாயில்லை. ஜெய்லியன் ஆஸ்திரேலியாவை அடித்துவிட்டு, லண்டனில் அனிதா என்ற பெயரில் வாழ்பவளே ஹாரியட் என்று மாற்றினார். மிக்கேல் அவளை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துப் பேசியிருப்பதால் நாமும் முகத்தைப் பார்த்திருக்கிறோம். செலவும் மிச்சம், ஆட்டமும் நேர்மை.

மர்மம் அவிழ்ந்த பிறகும் மிக்கேல்மேல் அவதூறு வழக்குப் போட்ட தொழிலதிபர் வென்னர்ஸ்ட்ரோம் கதை பாக்கி இருக்கிறது. ஃபின்ச்சர் படத்தில் இது நீளமான வால், பலருக்குப் பொறுமை போனது. வெட்டியிருக்கலாமே என்றால், படம் தொடங்குவதே அந்த வழக்கில் மிக்கேல் தோற்பதில்தான். தொடக்கத்தில் அதை வைத்தால் முடிவில் கடன் தீர்த்தாக வேண்டும்.

கடைசியாகப் பனி. கதை ஒரு குளிர்காலத்தில் தொடங்கி அடுத்த குளிர்காலம்வரை போகிறது. வடக்கில் டிசம்பர் மாதப் பகல் சில மணி நேரமே. வெளிப்புறக் காட்சிகளைப் பனிக்கணக்கில் முதலில் பிரித்து, உட்புறத்தை மிச்ச நாட்களுக்குத் தள்ளாவிட்டால் ஷெட்யூல் கவிழும். யூ நெஸ்பேயின் நாவலை வைத்து டோமஸ் ஆல்ஃபிரட்சன் எடுத்து 2017இல் வெளிவந்த 'தி ஸ்னோமேன்' இதற்குச் சாட்சி. நார்வேயில் கிடைத்த படப்பிடிப்பு நாட்கள் போதவில்லை, திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கப்படவே இல்லை, படத்தொகுப்பு மேசையில்தான் அது தெரிந்தது என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். குற்றக் கதையில் அந்தப் பத்து சதவீதம் எங்கே விழுகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. துப்பு கிடைக்கும் காட்சியே அதில் போயிருக்கலாம். அதனால் ஷெட்யூல் போடும்போது அந்த இரண்டு கட்டப் பட்டியலும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு துப்பு முதன்முதலாக வெளிவரும் காட்சிகளை முதல் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்துவிடுங்கள். கார் துரத்தலும் பனிமலை அழகும் பிறகு வரட்டும்.