திருவையாற்றில் நிறைவேறிய அப்பாவின் பிரார்த்தனை

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று நடக்கும் ஆராதனையில், திருவையாற்றில் ஸ்வாமிகளின் சந்நிதியிலேயே, அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தை அம்மா பாடக் கேட்க வேண்டும் என்பது, அப்பா ஆயுள் முழுவதும் மனத்தில் வைத்திருந்த பிரார்த்தனை. சிதம்பரத்தில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதி, இரண்டு தங்கைகளைக் கரையேற்றி, எங்களையும் படிக்க வைத்து, படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொண்ட அவருக்கு, காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய திருவையாறு கடைசிவரை வாய்க்கவில்லை. தனியாகவாவது போய்வாருங்கள் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியும், "போனால் இரண்டு பேருமாகப் போவோம்" என்று மறுத்துவிடுவார். ஆராதனையன்று கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விடியலிலேயே குளித்து, விளக்கேற்றி, வானொலிக்கு முன் அமர்ந்துவிடுவார்.

குருமுகமாகக் கற்க வசதியில்லாதவர் அவர். கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியதை, அடுப்படி வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து கீர்த்தனைகளின் சாகித்தியத்தையும் பழைய பேரேடு ஒன்றில் எழுதி, உச்சரிப்புப் பிசகக் கூடாதென்று ககர தகரங்களின்மேல், தமிழில் ஒரே எழுத்தாக வரும் வெவ்வேறு ஒலிகளைக் காட்ட, சிவப்பு மையால் 2, 3, 4 என்று எண் போட்டிருந்தார். வராளி ராகத்தை நேருக்கு நேர் சொல்லிக்கொடுப்பது ஆகாது என்னும் ஐதிகத்தை மதித்து, அந்த ராகத்தில் அமைந்த 'கனகனருசிரா'வை மட்டும் அவர் கூடத்தில் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருப்பார். அம்மா சமையலறையில் இருந்தபடியே அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் முதல் திவசம் முடிந்த பிறகு வந்த ஆராதனைக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். வண்டியை வெகு தொலைவிலேயே நிறுத்திவிட்டார்கள். மூட்டு வலியோடு அம்மா நடந்துவர, முன்வரிசையில் உட்கார வைப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டு ஒருவர் எங்களை விடாமல் தொடர்ந்தார். ஸ்வாமிகளின் சந்நிதியிலும் இப்படிப் பேரம் பேசுகிறார்களே என்று மனம் மிகவும் வருந்தியது. பந்தலுக்குள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த கைப்பேசிகள் சந்நிதியையே மறைத்தன. எனினும் பெண்கள் பகுதியில், முன்பின் அறியாத ஓர் அம்மாள் தம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்படி உட்காருங்கோ மாமி" என்று இடம் கொடுத்தார்.

நாகஸ்வரம் ஓய்ந்து நாட்டை ராகத்தில் முதல் கீர்த்தனையான 'ஜகதானந்தகாரகா' எழுந்தபோது அம்மா பேரேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்; ஆனால் ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. கௌளை, ஆரபி என்று கோஷ்டி முன்னே செல்ல, உள்ளே ஸ்வாமிகளுக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. வராளி தொடங்கியதும் அம்மா கண்களை மூடிக்கொண்டார். மோதிர விரலை அப்பா எப்போதும் சற்று அழுத்தி வைத்துத் தாளம் போடுவாரே, அதே அழுத்தம் அம்மாவின் விரலிலும் தெரிந்தது. சரணங்கள் முழுவதும் குரல் தழுதழுக்கவே இல்லை. எனக்குத்தான் கண் நிறைந்து விக்கிரகமே தெரியாமல் போய்விட்டது. 'எந்தரோ மஹானுபாவுலு' முடிந்து தீபாராதனையின் ஒளியில் ஸ்வாமிகளைக் கண்டபோது, எதுவும் கேட்கத் தோன்றாமல் கைகூப்பி நின்றேன்.

வெளியே வந்து, ஸ்வாமிகளின் சமாதியை நோக்கியபடி அமர்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலைக்கு முன் அம்மா நீண்ட நேரம் நின்றார். நகைகளையும் சொத்துகளையும் விற்று இந்த ஆலயத்தை எழுப்பி, பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த இடத்தில் பெண்களைப் பாட வைத்த அந்த மகராசிக்கு எங்கள் குடும்பமும் கடன்பட்டிருக்கிறது. அவர் இல்லாவிட்டால் அப்பாவின் பிரார்த்தனைக்கே இடமேது?

பிறகு ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்தோம். அங்கே அதிகக் கூட்டமில்லை. அடுத்த ஆராதனைக்கு என் மகளையும் அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடச் செய்ய வேண்டும் தாயே என்று அம்பாளிடம் விண்ணப்பித்துவிட்டு வந்திருக்கிறேன். மகளுக்கு நாட்டைப் பாடம் தொடங்கியாயிற்று.