பயிற்சிக்குப் போனால் செலவு யாருடையது?

நான் வேலை செய்யும் மாநிலக் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் நான்கு மாதத்துக்கு முன்பு சேர்ந்த பெண் போன வாரம் என் மேசைக்கு வந்து கேட்டாள்: "சட்டனூகா பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். விமான டிக்கெட்டை நான்தான் வாங்க வேண்டுமா?" பதினோரு வருடத்துக்கு முன்பு நானும் இதையேதான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு முழுதாகப் பதில் சொல்ல ஆளில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அமெரிக்க மாநிலங்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுகளில் வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஒரு மாநிலத்தின் ஊழியருக்கு ஃபெடரல் அரசு ஏன் பயிற்சி கொடுக்கிறது? 1959-ல் அணுசக்திச் சட்டத்தில் 274-வது பிரிவைச் சேர்த்தார்கள். கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதியை, ஆளுநர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பேரில் மாநிலத்திடம் ஒப்படைக்கலாம் என்று அது சொன்னது. 1962-ல் முதலில் வந்தது கென்டக்கி. 2019-ல் வெர்மான்ட் வந்தபோது அது 39-வது மாநிலம். நாட்டில் உள்ள கதிரியக்கப் பொருள் உரிமங்களில் பெரும்பகுதியை இன்றைக்கு இந்த ஒப்பந்த மாநிலங்கள்தான் கவனிக்கின்றன. வேலையை மாநிலத்திடம் கொடுத்த பிறகு, செய்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. கட்டணம் வாங்கியோ வாங்காமலோ மாநில ஊழியர்களுக்குப் பயிற்சி தரலாம் என்று என்.ஆர்.சி.க்கு, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, அதில் அதிகாரம் இருக்கிறது. டென்னசியில் சட்டனூகாவில் இருக்கும் பயிற்சி மையம் அவர்களுடையதுதான்.

சரி, யார் போகலாம்? ஒப்பந்த மாநிலத்தில் கதிரியக்கப் பொருள்களுக்கு உரிமம் எழுதுகிறவரும் அவற்றை ஆய்வு செய்கிறவரும் போகலாம். ஒப்பந்தத்துக்கு வர விருப்பம் தெரிவித்து ஆளுநர் கடிதம் கொடுத்த மாநிலத்தின் ஊழியர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நாமாக விண்ணப்பம் போட முடியாது. மாநிலத் திட்டத்தின் இயக்குநர்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஒரு வகுப்பில் இடம் கொஞ்சம்தான், அதனால் இந்தப் பாடம் இவர் செய்யும் வேலைக்கு இப்போதே தேவையா என்று பார்ப்பார்கள். கிணறு துளைக்கும் இடங்களில் பயன்படும் கதிர்மூலங்களைப் பற்றிய பாடத்துக்கு, அப்படி ஓர் உரிமம்கூட இல்லாத மாநிலத்திலிருந்து பெயர் கொடுத்தால் அது பின்னால்தான் நிற்கும். அடிப்படைக் கதிர்வீச்சு இயற்பியலை வீட்டிலிருந்தே படித்து முடிக்கும் பாடங்களும் உண்டு. அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். முடிக்காமல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இரண்டாம் நாளே மூச்சு முட்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். என் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் நண்பர் எக்ஸ்ரே இயந்திரங்களை ஆய்வு செய்கிறவர். எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே மேலதிகாரி. ஆனால் அவருக்கு என்.ஆர்.சி.யின் பயிற்சிப் பணம் கிடையாது. எக்ஸ்ரே இயந்திரம் என்.ஆர்.சி. அதிகாரத்துக்குள் வருவதில்லை, அது மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. மேமோகிராபி, அதாவது மார்பக எக்ஸ்ரே, ஆய்வாளராக இருந்தால் வேறு வழி இருக்கிறது. 1992-ல் வந்த மேமோகிராபி தரச் சட்டத்தின்படி எஃப்.டி.ஏ., அதாவது உணவு மருந்து நிர்வாகம், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. கதிர்வீச்சு அவசரநிலைப் பயிற்சி என்றால் அலபாமாவின் ஆனிஸ்டனில் ஃபீமா, அதாவது ஃபெடரல் அவசரநிலை மேலாண்மை நிறுவனம், நடத்தும் மையம் இருக்கிறது. மாநில, உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அங்கே இலவசம். நண்பர் கடைசியில் அங்கேதான் போய்வந்தார்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்த மாநில ஊழியருக்கு வகுப்புக் கட்டணம் இல்லை. விமானம், விடுதி, தினப்படி எல்லாம் என்.ஆர்.சி. பார்த்துக்கொள்ளும். அழைப்பின் பேரில் வரும் பயணம் என்று அவர்கள் ஓர் உத்தரவு போடுவார்கள். அது கைக்கு வரும் முன் டிக்கெட் வாங்காதீர்கள். தினப்படி ஃபெடரல் விகிதத்தில்தான். கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு. விடுதிக்கு நம் அட்டையில் கட்டிவிட்டுப் பிறகு கணக்குக் காட்டி வாங்கிக்கொள்வதுதான் என் அனுபவம். ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள். அந்த வாரத்துச் சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. ஞாயிறு மதியம் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு ஈடு உண்டா என்று உங்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பணம் எப்போதும் இருந்ததில்லை. 1990-ல் வந்த ஒரு சட்டம், என்.ஆர்.சி. தன் பட்ஜெட்டைக் கிட்டத்தட்ட முழுவதும் உரிமதாரர்களின் கட்டணத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்துக்கு வராத மாநிலத்தில் ஒரு மருத்துவமனை என்.ஆர்.சி.க்குச் செலுத்தும் கட்டணத்தில், வேறு மாநில ஊழியர் பயிற்சிக்குப் போவதா என்ற கேள்வி வந்தது. கேள்வி நியாயமானதுதான். 1990-களின் பிற்பகுதியில் நிதியை நிறுத்திவிட்டார்கள், அடுத்த பத்தாண்டில்தான் திரும்பக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்த மூத்தவர்களோடு பேசியிருக்கிறேன். ஒருவர் மட்டும் பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்து, மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த கதையை அவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஃபெடரல் பணம் கொடுத்தும் என் முதல் வகுப்பு கைவிட்டுப் போனது. அந்த வருடம் வெளிமாநிலப் பயணத்துக்கு மாநில அரசு தடை போட்டிருந்தது. பயண அனுமதி கொடுக்கும் அலுவலகம் என் படிவத்தில் "வெளிமாநிலம்" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மாநிலத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை என்று நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் இடம் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வகுப்புக்குப் பத்து மாதம் காத்திருந்தேன். அதுவரை தனியாக ஆய்வுக்குப் போக எனக்குத் தகுதியில்லை. பாவம், ஒரு மூத்தவர் தன் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் என்னோடு வந்தார். அதனால் இப்போது யார் படிவம் போட்டாலும், செலவை என்.ஆர்.சி. ஏற்கிறது என்று சொல்லும் கடிதத்தை முதல் பக்கமாக வைக்கச் சொல்கிறேன். பின்னிணைப்பில் வைத்தால் யாரும் புரட்டுவதில்லை.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் தொழிலகக் கதிர்ப்படப் பாடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். குழாய்களின் பற்றவைப்பைப் படம் பிடிக்கும் அந்தக் கேமரா ஒரு சிறு பெட்டிதான். ஆனால் கவசமாக யுரேனியம் வைத்திருப்பதால் தூக்கினால் தோள் இறங்கும். உள்ளே கதிர்மூலமாக இரிடியம்-192, அதன் வீரியம் பாதியாகக் குறைய 74 நாள் ஆகும். கைப்பிடியைச் சுழற்றினால் கதிர்மூலம் கம்பியின் நுனியில் குழாய் வழியே வெளியே போகும். திருப்பிச் சுழற்றினால் உள்ளே வரும். வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் நீட்டிப் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே கிட்டப் போக வேண்டும், குழாயின் முழு நீளத்துக்கும் அளக்க வேண்டும். மீட்டரைப் பார்க்காமல் எட்டு வைக்கும் ஊழியரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண எனக்கு அந்த வகுப்பில்தான் கண் திறந்தது.

1992-ல் பென்சில்வேனியாவில் நடந்ததையும் அங்கேதான் முதலில் கேட்டேன். புற்றுநோய் சிகிச்சையின்போது கம்பி முறிந்து, இரிடியம் நோயாளியின் உடலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அறையில் இருந்த எச்சரிக்கைக் கருவி சத்தம் போட்டது. அது பழுது என்று நினைத்துக்கொண்டார்கள். கையில் மீட்டரை எடுத்து யாரும் அளக்கவில்லை. அந்த மூதாட்டி சில நாளில் இறந்துபோனார். இரிடியம் குழாயோடு வெளியே வந்து மருத்துவக் கழிவில் சேர்ந்திருந்தது; அந்தக் கழிவு போய்ச் சேர்ந்த இடத்தில் அலாரம் அடித்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

ஒப்பந்த மாநிலங்களைச் சில வருடத்துக்கு ஒரு முறை என்.ஆர்.சி. மதிப்பீடு செய்ய வரும்போது, ஆட்களுக்குப் பயிற்சி முடிந்ததா என்பது அவர்கள் பார்க்கும் முக்கியமான அளவுகோல்களில் ஒன்று. மேலதிகாரி தயங்கினால் இதைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள். பயிற்சி முடித்தவர்கள் கூடுதல் சம்பளத்துக்குத் தனியாரிடம் போய்விடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்காக ஆளை அனுப்பாமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அளக்கத் தெரியாத ஆய்வாளரை ஒரு மருத்துவமனைக்குள் அனுப்பிவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

அந்தப் பெண்ணின் படிவம் வியாழக்கிழமை கையெழுத்தாகி வந்துவிட்டது. அவள் போகும் வாரத்தில் அவளுக்கு இரண்டு ஆய்வுகள் இருந்தன, இரண்டும் சாலைப் பணியில் கதிர்மூலத்தால் மண் ஈரம் அளக்கும் கருவி வைத்திருக்கும் நிறுவனங்கள். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன்.