பெட்டிக்குள் காற்று: மலேசியா, சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜூலை 2, 2024, செவ்வாய்

இருதய ஆபரேஷன் முடிந்து இன்றோடு 3 வாரம். மணி இரவு 2. தூக்கம் வரவில்லை. ஒருக்களித்துப் படுக்க முடியாது, மல்லாந்தே கிடக்க வேண்டும். கிடந்தால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டது போல, டிக், டிக். டாக்டர் முன்பே சொல்லித்தான் அனுப்பினார். இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்த என்னுடைய மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். கார்பனால் ஆன இரண்டு அரைவட்டத் தட்டுகள், ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடும். மூடும்போது வருவதுதான் சத்தம். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மகள் காதை வைத்துப் பார்த்து, "கேக்குதும்மா" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அதையே எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

பகல் முழுக்க 'கூடாது'கள்தான். கனம் தூக்கக் கூடாது. இரண்டு கையையும் ஊன்றி எழக் கூடாது. கதவை இழுத்துத் திறக்கக் கூடாது. அறுத்த நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அது கூடுவதற்கு 3 மாதம் ஆகும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தையல் மெஷின் பக்கமே போகவில்லை. தீபாவளிக்குக் கொடுத்த துணிகளை எல்லாரும் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள்.

வந்து பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "இந்த வயசுல உனக்கா?" 49 வயதில் வந்த நோய் இல்லை இது. 11 வயதில் வந்தது. அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருந்தோம். முதலில் தொண்டை வலி. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்து முட்டி வீங்கியது. ஒரு முட்டி வற்றினால் இன்னொன்று வீங்கும். வாதக் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, மாதம் ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். ஊசிக்கு என்னைக் கூட்டிப் போகும் நாளெல்லாம் அம்மாவுக்குப் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. இரண்டு வருடம் போனோம். எனக்கு வலி இல்லை, ஓடி விளையாடுகிறேன். சரி, போதும் என்று விட்டுவிட்டோம். தொண்டையில் வந்த கிருமி போய்விட்டாலும், அதை எதிர்த்த உடம்பு தன் வால்வையே தாக்கும், அது வருடக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மாமேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இதை எழுதுவதே, யார் வீட்டிலாவது பிள்ளைக்கு இந்த ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லத்தான்.

ஜூலை 9, செவ்வாய்

ஆர்மோனிய மாமா பார்க்க வந்தார். உறவு இல்லை. எங்கள் லயத்தில் கடைசி வீடு அவருடையது. வயது 78. தோட்டத்தில் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, எங்களைப் போலவே இந்தத் தமான் குடியிருப்புக்கு வந்தவர். கோயில் பஜனைக்கு 40 வருடமாக அவர்தான் வாசிக்கிறார்.

மைலோ டின்னையும் ஆரஞ்சையும் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்: "என்னம்மா சத்தம் அது?"

அவருக்குக் காது மந்தம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ராத்திரி தூங்க முடியலையா?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பெட்டியக் கொண்டாறேன். வெரல் சும்மாதான இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 14, ஞாயிறு

பேரன் காரிலிருந்து பெட்டியை இறக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். தரையில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டி. எனக்காக மேசைக்கு வந்திருக்கிறது. பழைய கல்கத்தா பெட்டி, மாமாவின் அப்பா காலத்தில் தோட்டத்து நாடகக் குழு பினாங்கில் வாங்கியதாம்.

ஒரு சிக்கல். வலது கை வாசிக்க, இடது கை பின்னாலிருக்கும் துருத்தியைத் தள்ளித் தள்ளி விட வேண்டும். அந்தத் தள்ளல் நெஞ்செலும்பில் போய் நிற்கும். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். விரல் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், துருத்தி மட்டும் இப்போது வேண்டாம் என்றார். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் நினைக்கும்போதே மகள் எதிர்ப்பக்கம் போய் நின்று துருத்தியைப் பிடித்துவிட்டாள்.

ஒரு கட்டை சுருதியில் ஆரம்பித்தோம். முதல் ராகம் மாயாமாளவகௌளை. சங்கீதம் கற்பவர்களுக்கு இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று புரந்தரதாசர் 500 வருடத்துக்கு முன்னாலேயே வகுத்துவிட்டாராம். கட்டைகளைப் பார்த்ததும் ஏன் என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ச வெள்ளை, ரி கறுப்பு, க வெள்ளை, ம வெள்ளை. அங்கிருந்து ப வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை, மேல் ச வெள்ளை. முதல் பாதியும் இரண்டாம் பாதியும் அச்சு மாறாமல் ஒன்று. ஒரு பாதியை விரல் பழகிவிட்டால் மறுபாதி தானே வந்துவிடுகிறது.

10 நிமிடத்தில் வேர்த்துவிட்டது. மாமா மூடியைச் சாத்தினார்.

ஜூலை 26, வெள்ளி

இரண்டாவது ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.8. என் வால்வுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏன் குறைந்தது என்று குடைந்து குடைந்து கேட்டதில் தெரிந்தது: என் நாத்தனார் ரத்தம் ஊறட்டும் என்று இந்த வாரம் தினமும் முருங்கைக்கீரை கொடுத்து அனுப்பினார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே, ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கீரையே கூடாது என்று இல்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அதே அளவைக் கூட்டாமல் குறைக்காமல் சாப்பிட வேண்டும். வயிற்றில் ஊசி போட்டு, மாத்திரையைக் கூட்டி அனுப்பினார்கள். நாத்தனாரிடம் பக்குவமாகச் சொன்னேன். பாவம், கண் கலங்கிவிட்டார்.

இன்று வாசிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் மூன்றாவது. விரல் போகிறது, தாளம் போகவில்லை. ஆதி தாளம் 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. மாமா மேசையில் தட்டுகிறார், நான் முன்னால் ஓடுகிறேன், இல்லை பின்தங்குகிறேன்.

நான் செய்துவந்தது அவருக்குத் தெரியாது. நெஞ்சின் டிக்கை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் பயமுறுத்துகிற சத்தம், பகலில் ஒரு வேலையாவது செய்யட்டுமே என்று நினைத்தேன். அதைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு சீரா இல்லியேம்மா" என்றார்.

உண்மைதான். வால்வு சுருங்கியிருந்த வருடங்களில் இடது மேலறை விரிந்துவிட்டது, அதனால் நாடி ஒழுங்கில்லாமல்தான் அடிக்கும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு மூன்று சேர்ந்தாற்போல.

"அது பாட்டுக்கு அது அடிக்கட்டும். தாளம் கையில இருக்கு" என்றார்.

வலது கை கட்டையில் இருக்க, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு வாசித்தேன். நாலாவது முறையில் ஒரு ஆவர்த்தனம், அந்த 8 எண்ணிக்கையும் ஒரு சுற்று, முழுசாக உட்கார்ந்தது. மகள் துருத்தியை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள், சுரம் பாதியில் அறுந்தது.

படுத்தபோது பழக்கத்தில் டிக்கை எண்ணத் தொடங்கினேன். பிறகு தொடையில் விரலால் ஆதி தாளம் போட்டேன். அது ஒரு வழி, இது ஒரு வழி. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெட்டியில் காற்று நிற்கவில்லை. மகள் எவ்வளவு தள்ளினாலும் சுரம் இளைத்துப் போகிறது. மாமா திருகாணிகளைக் கழற்றித் துருத்தியைத் திறந்தார். பலகையில் நாலு துளை, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தோல் மூடி. துருத்தி விரியும்போது மூடி தூக்கிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடும். அமுக்கும்போது துளையோடு ஒட்டிக்கொண்டு, வந்த காற்றைத் திரும்பப் போகவிடாது. காற்று ஒரே வழியாக அடுத்த அறைக்குப் போய், சுரம் எழுப்பும் பித்தளை ரீடுகளுக்கு ஏறும். ஒரு மூடி காய்ந்து சுருண்டு, ஓரம் தூக்கி நின்றது.

நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன் பிளாஸ்டிக் இருதயத்தைப் பிரித்துக் காட்டி டாக்டர் சொன்னதும் இதுதான், கிட்டத்தட்ட இதே வார்த்தைகள். அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. இன்றைக்கு அந்தச் சுருண்ட தோலை விரலால் தொட்டுப் பார்த்தேன். முருங்கைக்காய்த் தோல் மாதிரி விறைத்திருந்தது.

மாமா பழைய கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தோலை வெட்டினார். அளவெடுத்து வெட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. கத்தரிக்கோலை வாங்கி நானே வட்டத்தைச் சரிசெய்து கொடுத்தேன். பசை காய ஒரு நாள்.

காத்திருந்த நேரத்தில் மாமா ஒரு கதை சொன்னார். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததாம், 1971 வரைக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது என்பதுதான் குறை. குறை சரிதான். ஆனாலும் வீணையில் சுரத்தைத் தேடி இழுக்க எனக்கு இப்போது கையில் பலமில்லை. தொட்ட இடத்தில் சுரம் தயாராக நிற்கிறது பாருங்கள், அதுவே எனக்குப் பெரிய காரியம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

12 வாரம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நடுநெஞ்சில் கம்பி முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன, நான் பட்டன் தைத்தது போல. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, மெல்ல மெல்ல எல்லா வேலையும் செய்யலாம் என்றார் டாக்டர். "ஆர்மோனியம்?" என்று கேட்டேன். அவர் சீனர், அந்தச் சொல் தெரியவில்லை. போனில் படத்தைக் காட்டி, கையால் தள்ளிக் காட்டினேன். சரி என்றார். வலித்தால் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு பெட்டியைத் திறந்தேன். இடது கையைத் துருத்தியில் வைத்து ஒரு தள்ளு. நெஞ்சில் ஓர் இழுப்பு, வலி இல்லை. ச மட்டும் பிடித்தேன். காற்று நின்றது. நான் அமுக்கின காற்று.

எவ்வளவு நேரம் அந்த ஒரே சுரத்தில் இருந்தேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

நவராத்திரிக்குக் கோயிலில் பஜனை. மாமா பாடுவதாகவும், நான் பெட்டியில் சுருதி மட்டும் பிடிப்பதாகவும் ஏற்பாடு. ச, ப இரண்டும்தான், விடாமல். ஒரு மணி நேரம் கை தாங்குமா என்று தினம் 5 நிமிடம் கூட்டிப் பார்க்கிறேன். இன்று 35 வந்தது.

பழகும்போது மகள் பாடப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறாள். இடது கை தானாகத் துருத்திக்கு வருகிறது, அங்கே என் கையைப் பார்த்ததும் திரும்பிப் போகிறது. "எஸ்.பி.எம். பரீட்சை வருது, போய்ப் படி" என்றேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

நீல மாத்திரை 4தான் மிச்சம். நாளைக்கு மருந்து வாங்கப் போக வேண்டும்.