வியாழக்கிழமை வாசிப்பு மேசை

2025 ஆகஸ்ட் 20, புதன்

இன்று மாலை மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பள்ளிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கியது. ஒருவர் மின்விசிறி என்றார், ஒருவர் நாற்காலி என்றார். தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டிருந்தார். அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்து, "பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இப்போது உடனே வேண்டியது, பிள்ளைகள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள்" என்றார்.

கரும்பலகையில் கணக்கும் போட்டுக் காட்டினார். வகுப்பில் 28 பேர். ஆளுக்கு 5 நிமிடம் சத்தமாக வாசித்தால் 140 நிமிடம். ஒரே ஒரு சுற்றுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். மற்ற பாடங்களை எப்போது நடத்துவது? அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் கைகள் உயர்ந்தன. கூட்டம் முடியும்போது ஒன்பது பெயர்கள் சேர்ந்திருந்தன. எனக்கு வியாழக்கிழமை.

விதிகள் சில உண்டு, எனக்கு அவை பிடித்திருந்தன. வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மேசை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வராந்தாவில்தான் இருக்கும், பிள்ளையோடு தனி அறையில் யாரும் உட்காரக்கூடாது. பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிற இடத்தில் இதெல்லாம் இருக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முதல் நாள். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், 5 வினாடி காத்திருங்கள் என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதற்கும் வரவில்லை என்றால் சின்னதாக ஒரு குறிப்பு: படத்தைப் பார், வாக்கியத்தை முதலிலிருந்து வாசி என்று. அதற்கும் அப்புறம்தான் சொல்லைச் சொல்லித்தர வேண்டும். சரியாகச் செய்ததை இன்னதென்று எடுத்துச் சொல்லிப் பாராட்ட வேண்டும். இந்த முறை 1970களில் நியூசிலாந்தில் உருவானதாம்.

ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. ஒரு பையன் "புறப்பட்டான்" என்ற இடத்தில் நின்றான். "புறா..." என்றான். என்னைப் பார்த்தான். நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான், விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினான். நான்காவது வினாடியில் "புறப்... பட்டான்!" முழுச் சொல்லையும் தானாகவே கட்டிவிட்டான். நான் வாயைத் திறந்திருந்தால் அவனுக்கு அது கிடைத்திருக்காது.

கடைசியாக ஒரு சிறுமி வந்தாள். பெயர் எழுதப்போவதில்லை. வாசிப்பில் பின்தங்கியவர்கள் பட்டியலில் அவளும் இருந்தாள். ஆனால் என்னிடம் இரண்டு பக்கத்தை நிற்காமல் வாசித்தாள், ழகரம்கூடப் பிசகவில்லை. ஒன்றுதான் கவனித்தேன், புத்தகம் மூக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

வாரம் முழுக்க அது மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று டீச்சரிடம் அவள் நோட்டைக் கேட்டுப் பார்த்தேன். பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தில் 'கேட்டான்' வர வேண்டிய இடமெல்லாம் 'கெட்டான்'. ணகரம் இருக்க வேண்டிய இடத்தில் னகரம். இதே 'கேட்டான்' என்ற சொல்லைப் போன வாரம் புத்தகத்தில் சரியாக வாசித்தவள்தான் அவள்.

செவ்வாய்க்கிழமை மேசைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா இன்றும் வந்திருந்தார். நோட்டைப் பார்த்தவர், "ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசமே மேலே இருக்கிற அந்தச் சுழிதானே. தூரத்தில் இருந்து அது தெரியாவிட்டால் எல்லாமே குறில்தான்" என்றார். தொடர்ந்து ஒரு பழைய செய்தியும் சொன்னார். அந்தக் காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது வழக்கம், தொல்காப்பியத்திலேயே அது உண்டு. நெடிலுக்கு இரட்டைக் கொம்பு என்று இப்போது நாம் எழுதுகிற முறை பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். குழப்பத்தைத் தீர்க்க வந்த அந்தச் சுழியே இந்தப் பிள்ளை கண்ணுக்குப் படவில்லை என்று நினைத்தபோது எனக்கு மனம் கனத்தது.

டீச்சர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார். ஐந்தும் சரி. தலைமை ஆசிரியையிடம் போனோம். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட வேண்டாம், பள்ளி முழுவதற்கும் பார்வைச் சோதனை வைத்துவிடலாம் என்று முடிவானது.

செப்டம்பர் 8, திங்கள்

உலக எழுத்தறிவு நாள். 1966இல் யுனெஸ்கோ அறிவித்து, அடுத்த ஆண்டிலிருந்து கொண்டாடப்படுகிறது. பள்ளியில் இன்று பிள்ளைகள் வாசித்தார்கள், தாத்தா பாட்டிகள் கேட்டார்கள். எழுத்துத் தெரியாத ஒரு பாட்டி, பேரனின் குரல் நிற்கிற இடம் பார்த்துச் சரியாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறைகூடத் தவறவில்லை.

செப்டம்பர் 13, சனி

பார்வைச் சோதனை. செவிலியராக வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் அம்மா எங்களைப் பழக்கினார். டேப் வைத்து 6 மீட்டர் அளந்து தரையில் கோடு போட்டோம். எழுத்து அட்டை வைத்துப் பார்க்கும் முறையை 1862இல் கொண்டுவந்தவர் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர். எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே ஆங்கில 'ஈ' எழுத்தை நான்கு பக்கமும் திருப்பிப் போட்ட அட்டை. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும். இயல்பான பார்வைக்கான வரியில் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டர்கூட வராது.

செய்யும்போதுதான் நுணுக்கம் தெரிகிறது. விரலால் கண்ணை அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண் மங்கலாகத் தெரியும், விரல் இடுக்கு வழியாகவும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் காகிதக் கோப்பையால் லேசாக மறைத்தோம். வரிசையில் நிற்கிறவர்கள் அட்டையைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ஆகவே எல்லோரையும் கதவுக்கு வெளியே நிறுத்தினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதையும் குறித்தோம்.

அந்தச் சிறுமிக்கு மூன்றாவது வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவளோடு சேர்த்து ஏழு பேருக்குக் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினோம். எங்கள் வேலை சல்லடை மாதிரிதான், என்ன குறை என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

செப்டம்பர் 25, வியாழன்

சிறுமியின் அப்பா பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கிட்டப்பார்வை, கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இந்த வயசிலேயே போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே?" என்றார். பாவம், கவலையில் கேட்கிறார். கண்ணாடி போடுவதால் பார்வை கெடுவதில்லை, வளர்கிற வயதில் கண்ணும் வளர்வதால்தான் எண் கூடுகிறது என்று மருத்துவர் எங்களுக்குச் சொன்னதைச் சொன்னேன். மற்ற ஆறு பேரில் இருவர் இன்னும் மருத்துவரிடம் போகவில்லை. அவர்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை நானும் டீச்சரும் போகிறோம்.

அக்டோபர் 9, வியாழன்

அக்டோபரின் இரண்டாம் வியாழன், உலகப் பார்வை நாள். அந்த இரண்டு பிள்ளைகளையும் போன வாரம் மருத்துவரிடம் கூட்டிப்போய்விட்டார்கள். ஏழு பேரும் பார்த்தாகிவிட்டது.

அடுத்த புதன், 15ஆம் தேதி, உலகக் கை கழுவும் நாள். 2008இலிருந்து நடக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குக் குழாய் எட்டவில்லை, ஒரு தச்சர் அப்பா படிக்கட்டு மாதிரி பலகை செய்து தருகிறார். சோப்புப் போட்டு 20 வினாடி தேய்க்க வேண்டும். கடிகாரம் வேண்டாம், அ முதல் ஔ வரை நிதானமாக இரண்டு தடவை சொன்னால் போதும் என்று ஐயா பழக்கிவருகிறார். துவைத்த துண்டுகள் தேவை, வீட்டில் இருப்பவர்கள் திங்களுக்குள் கொடுத்துவிடுங்கள். திங்கள் மேசைக்கு இரண்டு பேர் இன்னும் குறைகிறார்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் தர முடிந்தவர்கள் பள்ளியில் சொல்லுங்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது டீச்சர் அறிவிப்புப் பலகையில் புதன்கிழமை விவரத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் சுற்றி நின்று "என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்க, அந்தச் சிறுமி வேப்பமரத்தடியில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டினாள்.